ஸ்டார் ட்ரெக் 4: இரண்டு திமிங்கலங்களும் ஒரு பொய்க்கணக்கும்



தலைப்பைப் பார்த்துவிட்டு சினிமா விமர்சனம் என்று நினைத்து வந்தவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரை ஒரு சினிமாவில் தொடங்கும். கொஞ்ச நேரத்தில் கடலுக்குள் போய்விடும். பிறகு கணக்குப் புத்தகத்துக்குள் நுழைந்துவிடும். பி.காம். படிக்கிறவனிடம் சரித்திரம் எழுதக் கொடுத்தால் வேறு எங்கே போய் நிற்கும்? :-)

படத்தின் பெயர் 'ஸ்டார் ட்ரெக் 4: தி வாயேஜ் ஹோம்'. 1986 நவம்பரில் அமெரிக்காவில் வெளியானது. கூர்மையான காதுகளோடு வரும் ஸ்பாக் பாத்திரத்தில் நடித்த லெனார்டு நிமோய்தான் இயக்குநர். ஸ்டார் ட்ரெக் வரிசையில் வேறு எதையும் பார்க்காதவர்கள்கூட இதை மட்டும் தனியாகப் பார்க்கலாம், வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து பார்க்கலாம். விண்வெளிப் படம் என்றாலே லேசர் துப்பாக்கிச் சண்டைதான் என்று நினைப்பவர்கள் ஏமாந்து போவார்கள். சிரிக்க நிறைய இருக்கிறது, சண்டை அநேகமாக இல்லை. முக்கியமான விஷயம், இந்தப் படத்தில் வில்லன் என்று ஒருவர் கிடையாது. இந்த விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கட்டுரையின் பின்பகுதியில் தேவைப்படும்.

கதை இதுதான்

ஆண்டு 2286. விண்வெளியிலிருந்து உருளை வடிவத்தில் பிரம்மாண்டமான ஒரு பொருள் பூமியை நோக்கி வருகிறது. விடாமல் ஏதோ ஒரு சத்தம் எழுப்பிக்கொண்டே வருகிறது. அந்தச் சத்தத்தில் வழியில் இருக்கும் விண்கலங்கள் எல்லாம் மின்சாரம் போய் அப்படியே நின்றுவிடுகின்றன. பூமிக்குப் பக்கத்தில் வந்ததும் கடல் ஆவியாகி, வானம் முழுக்க மேகம் மூடி, சூரிய வெளிச்சமே இல்லாமல் போகிறது. அது என்ன கேட்கிறது, யாரைக் கேட்கிறது என்று யாருக்கும் புரியவில்லை.

இந்தச் சத்தத்தைத் தண்ணீருக்கடியில் கேட்டால் எப்படி இருக்கும் என்று ஸ்பாக் யோசிக்கிறார். கேட்டுப் பார்த்தால் அது ஹம்ப்பேக் என்ற கூன்முதுகுத் திமிங்கலத்தின் பாட்டு! வந்த பொருள் மனிதர்களைத் தேடி வரவே இல்லை. திமிங்கலங்களிடம் பேச வந்திருக்கிறது. பதில் சொல்ல ஒரு திமிங்கலம்கூட இல்லை. 21-ம் நூற்றாண்டிலேயே அவற்றை மனிதர்கள் வேட்டையாடித் தீர்த்துவிட்டார்கள் என்கிறது படம்.

அதனால் கேப்டன் கிர்க்கும் அவருடைய ஆட்களும் சூரியனைச் சுற்றிக்கொண்டு காலத்தில் பின்னோக்கிப் பறந்து 1986-ம் வருட சான் பிரான்சிஸ்கோவில் வந்து இறங்குகிறார்கள். அங்கே ஒரு காட்சியகத்தில் ஜார்ஜ், கிரேஸி என்று இரண்டு ஹம்ப்பேக் திமிங்கலங்கள் இருக்கின்றன. அவற்றை 23-ம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். இவர்களிடம் செலவுக்குக் காசு கிடையாது. கிர்க் தன் பழைய மூக்குக்கண்ணாடியை விற்று நூறு டாலர் வாங்குகிறார். திமிங்கலத் தொட்டி செய்ய வேண்டிய பிளாஸ்டிக்குக்கு விலையாக, எதிர்காலத்தின் ஒரு ரசாயன ஃபார்முலாவைக் கொடுத்துவிடுகிறார் என்ஜினியர் ஸ்காட்டி. அதற்குள் திமிங்கலங்களைக் கடலில் திறந்துவிட்டுவிட, வேட்டைக் கப்பல் ஒன்று துரத்துகிறது. எறிந்த ஈட்டி, கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் விண்கலத்தின் மேல் 'டங்' என்று மோதிக் கீழே விழும் இடம்தான் படத்தின் உச்சம்.

உலகம் முழுக்கச் சுமார் 13 கோடி டாலர் வசூலித்த படம் இது. அதில் நீந்துகிற திமிங்கலங்களில் பெரும்பாலானவை நான்கடி நீளமுள்ள, மோட்டார் பொருத்திய பொம்மைகள்.

எனக்கு இந்தப் படத்தில் மிகவும் பிடித்தது கதையின் அடிப்படைக் கேள்விதான். ஓர் உயிரினம் அழிந்து போய்விட்டது, அதன் கணக்கு முடிந்தது என்று நாம் புத்தகத்தை மூடிவிட்ட பிறகு, வேறொருவர் வந்து 'அது எங்கே?' என்று கேட்டால் என்ன சொல்வது? இது வெறும் கற்பனைக் கேள்வியாகத் தெரியலாம். ஆனால் இதே ஹம்ப்பேக் விஷயத்தில், படம் வந்து ஏழு வருடம் கழித்து நிஜத்திலேயே ஒரு பழைய கணக்குப் புத்தகம் திறக்கப்பட்டது. அதற்கு வருமுன் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

விளக்கிலிருந்து சாப்பாட்டு மேஜைக்கு

மண்ணெண்ணெய் வருவதற்கு முன்னால் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டு விளக்குகள் எரிந்தது பெருமளவு திமிங்கல எண்ணெயில். நான்டக்கெட், நியூ பெட்ஃபோர்டு போன்ற அமெரிக்கத் துறைமுகங்கள் அதை வைத்தே பணக்கார ஊர்களாயின. 1859-ல் பென்சில்வேனியாவில் எட்வின் டிரேக் எண்ணெய்க் கிணறு தோண்டினார், மண்ணெண்ணெய் மலிவாகக் கிடைத்தது, திமிங்கலங்கள் தப்பித்தன என்று பலரும் எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகுதான் பெரிய வேட்டையே தொடங்கியது. 20-ம் நூற்றாண்டில் மட்டும் கொல்லப்பட்ட திமிங்கலங்கள் சுமார் 29 லட்சம்.

காரணம் மூன்று கண்டுபிடிப்புகள். முதலாவது, நார்வேக்காரர் ஸ்வென் ஃபோய்ன் 1860-களில் உருவாக்கி 1870-ல் காப்புரிமை பெற்ற வெடிகுண்டு ஈட்டித் துப்பாக்கி. நீராவிப் படகும் இந்தத் துப்பாக்கியும் சேர்ந்ததும், அதுவரை கைக்கு எட்டாத வேகத்தில் ஓடிய நீலத்திமிங்கலமும் வலைக்குள் வந்த மீன் மாதிரி ஆகிவிட்டது. 1904-ல் அண்டார்டிக்காவுக்கு அருகில் தெற்கு ஜார்ஜியா தீவில் கிரிட்விக்கன் என்ற வேட்டை நிலையம் தொடங்கியது. மெதுவாக நீந்துகிற, கரையை ஒட்டி வருகிற ஹம்ப்பேக்தான் அங்கே முதல் பலி.

இரண்டாவது, ஜெர்மானியர் வில்ஹெல்ம் நார்மன் 1902-ல் காப்புரிமை எடுத்த ஹைட்ரஜனேற்றம். திரவ எண்ணெயில் ஹைட்ரஜனைச் செலுத்திக் கெட்டியான கொழுப்பாக மாற்றும் முறை. நம் வீடுகளில் பழகிப்போன வனஸ்பதி செய்வதும் இதே முறையில்தான். அங்கே அவர்கள் திமிங்கல எண்ணெயைக் கெட்டியாக்கி மார்ஜரின் செய்தார்கள், சோப்பு செய்தார்கள். விளக்கை விட்டுப் போன திமிங்கலம் ரொட்டியின் மேல் வந்து உட்கார்ந்தது. 1930-களில் இந்த எண்ணெயை மிக அதிகமாக வாங்கிய கம்பெனிகளில் யூனிலீவரும் ஒன்று.

மூன்றாவது, 1925-ல் வந்த 'லான்சிங்' என்ற ஆலைக் கப்பல். அதன் பின்பக்கத்தில் சறுக்குப் பாதை இருந்தது. செத்த திமிங்கலத்தை அப்படியே மேலே இழுத்து, நடுக்கடலிலேயே வெட்டிக் காய்ச்சிவிடலாம். கரைக்கு வரவேண்டாம். கரைக்கு வராததால் எந்த அரசாங்கத்தின் லைசென்ஸும் வேண்டாம். 1930-31 பருவத்தில் மட்டும் அண்டார்டிக் கடலில் 29,000-க்கும் மேற்பட்ட நீலத்திமிங்கலங்கள் கொல்லப்பட்டன.

ஒரு யூனிட் = இரண்டரை ஹம்ப்பேக்

இந்த வேகத்தில் போனால் தொழிலே படுத்துவிடும் என்று வேட்டை நாடுகளுக்கே பயம் வந்தது. 1946 டிசம்பரில் வாஷிங்டனில் ஒப்பந்தம் போட்டு, சர்வதேச திமிங்கல ஆணையத்தை ஏற்படுத்தினார்கள். இனிமேல் வருஷத்துக்கு இவ்வளவுதான் என்று அளவு வைத்துக்கொண்டார்கள். இதில் தவறென்ன என்று கேட்கிறீர்களா? அளவு வைத்தது சரி. எதை வைத்து அளந்தார்கள் என்பதில்தான் கோளாறு.

அண்டார்டிக் கடலுக்கு வைத்த அளவு 16,000 'நீலத்திமிங்கல யூனிட்'. ஒரு நீலத்திமிங்கலம் ஒரு யூனிட். இரண்டு ஃபின் திமிங்கலம் ஒரு யூனிட். இரண்டரை ஹம்ப்பேக் ஒரு யூனிட். ஆறு 'ஸெய்' திமிங்கலம் ஒரு யூனிட். எந்த வகையில் எவ்வளவு எண்ணெய் கிடைக்கும் என்பதை வைத்துப் போட்ட கணக்கு இது. எண்ணெய் வியாபாரிக்கு மிகவும் வசதியான கணக்கு. ஆனால் கடலில் அரை ஹம்ப்பேக் என்று ஒன்று நீந்துவதில்லை.

காஸ்ட் அக்கவுண்டிங் படித்தவர்களுக்கு இது உடனே புரியும். வேறு வேறு பொருட்களை ஒரே யூனிட்டாக மாற்றிக் கூட்டினால், மொத்தத் தொகை நன்றாக இருக்கும்போதே உள்ளே ஒரு பொருள் தீர்ந்துபோவது வெளியே தெரியாது. இங்கேயும் அதுதான் நடந்தது. ஒரு கேப்டன் கண்ணில் நீலத்திமிங்கலம் பட்டால், ஒரே ஈட்டியில் முழு யூனிட். விடுவாரா? அதனால் நீலத்திமிங்கலம் குறைந்துகொண்டே போனபோதும், கண்ணில் பட்ட ஒவ்வொன்றையும் சுட்டார்கள். மிச்ச யூனிட்டை ஃபின் திமிங்கலத்தை வைத்து நிரப்பினார்கள். அதுவும் குறைந்ததும் ஸெய் பக்கம் திரும்பினார்கள். காகிதத்தில் எல்லாம் அளவுக்குள்தான் இருந்தது.

இன்னொரு கூத்து. இந்த 16,000 எந்த நாட்டுக்கு எவ்வளவு என்று ஆரம்பத்தில் பிரிக்கவில்லை. எல்லோரும் வேட்டைக்குப் போகவேண்டும், வாராவாரம் எவ்வளவு பிடித்தோம் என்று நார்வேயில் இருந்த ஒரு புள்ளிவிவர அலுவலகத்துக்குத் தந்தி அடிக்கவேண்டும், மொத்தம் நிறைந்ததும் அந்த வருஷ வேட்டை முடிந்தது என்று அவர்கள் அறிவிப்பார்கள். பந்தி முடிவதற்குள் யார் அதிகம் சாப்பிடுகிறார்கள் என்ற போட்டிதான். ஆளாளுக்கு வேகமான படகு வாங்கினார்கள். ஏறக்குறைய நான்கு மாதம் நடந்த வேட்டைப் பருவம் பத்து வருடத்துக்குள் இரண்டு மாத அளவுக்குச் சுருங்கியது. படகில் போட்ட முதலைத் திரும்ப எடுக்க இன்னும் வேகமாகச் சுடவேண்டியிருந்தது.

இந்த யூனிட் முறையை 1972-ல்தான் கைவிட்டார்கள். அதற்குள் அண்டார்டிக் நீலத்திமிங்கலம், வேட்டைக்கு முன்பு இரண்டு லட்சத்துக்கு மேல் இருந்ததாக மதிப்பிடப்படும் இனம், சில நூறுகளாகிவிட்டிருந்தது.

பாங்க்கில் போட்டால் என்ன?

முட்டையிடும் வாத்தை யாராவது அறுப்பார்களா, வியாபாரிக்கே அது நஷ்டம்தானே என்று தோன்றும். 1973-ல் காலின் கிளார்க் என்ற கனடாக் கணித அறிஞர் இதற்கு ஒரு விடை சொன்னார். நம் பாடப்புத்தகத்தில் வரும் 'பிரசன்ட் வேல்யூ' கணக்குதான்.

நானே ஒரு கற்பனை உதாரணம் போட்டுச் சொல்கிறேன். கடலில் இருக்கும் திமிங்கலங்களின் மொத்த மதிப்பு 100 கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அவை வருஷத்துக்கு 5 சதவீதம் பெருகுகின்றன. பெருகும் அளவை மட்டும் பிடித்தால் வருஷத்துக்கு 5 கோடி, காலம் முழுக்க. அதற்குப் பதிலாக எல்லாவற்றையும் இந்த வருஷமே கொன்று, 100 கோடியை 8 சதவீத வட்டிக்குப் போட்டால்? வருஷத்துக்கு 8 கோடி. திமிங்கலம் வட்டி விகிதத்தைவிட மெதுவாகக் குட்டி போடுகிறது. அந்த ஒரே காரணத்துக்காக, முழுசாகக் கொல்வதே லாபம் என்று கணக்கு சொல்கிறது.

கிளார்க் இதைச் சிபாரிசு செய்யவில்லை, எச்சரித்தார். லாப நோக்கம் தானாகவே ஓர் உயிரினத்தைக் காப்பாற்றிவிடும் என்று நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள் என்பதுதான் அவர் சொன்னது. படத்தில் வில்லன் இல்லை என்று மேலே சொன்னேனே, அது எனக்குச் சரியாகப் பட்டது இதனால்தான். யாரும் திமிங்கலத்தை வெறுக்கவில்லை. கூட்டலும் பெருக்கலும் போதுமானதாக இருந்தன.

எங்கே போயின ஹம்ப்பேக்குகள்?

இப்போது ஒரு துப்பறியும் கதை. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில், பிரிஸ்பேன் பக்கத்தில் டாங்கலூமா என்ற வேட்டை நிலையம் 1952-ல் தொடங்கியது. ஒவ்வொரு குளிர்காலத்திலும் அண்டார்டிக்காவிலிருந்து வெப்பக் கடலுக்குக் குட்டி போட வரும் ஹம்ப்பேக்குகளை அங்கே பிடித்தார்கள். அளவு வைத்துத்தான் பிடித்தார்கள். 1960-களின் தொடக்கத்தில் திடீரென்று வரத்து நின்றுபோனது. தேடிப்போனால் கடல் காலியாக இருக்கிறது. 1962-ல் டாங்கலூமாவை மூடினார்கள். நியூசிலாந்து நிலையங்களும் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. 1963-ல் தென் அரைக்கோளத்தில் ஹம்ப்பேக் வேட்டை தடை செய்யப்பட்டது.

கணக்கில் இருக்கும் எண்ணிக்கையை எத்தனை முறை கூட்டிப் பார்த்தாலும் அவ்வளவு சீக்கிரம் காலியாகியிருக்க முடியாது. விஞ்ஞானிகளுக்குக் காரணம் பிடிபடவில்லை. விடை கிடைக்க இன்னும் முப்பது வருடம் ஆனது. அதற்குள் வேறொன்று நடந்தது. மனிதர்கள் திமிங்கலத்தின் குரலைக் கேட்டார்கள்.

கேட்டது பாட்டு

ஃபிராங்க் வாட்லிங்டன் என்பவர் பெர்முடாவில் அமெரிக்கக் கடற்படைக்காக வேலை பார்த்த என்ஜினியர். நீர்மூழ்கிக் கப்பல் சத்தத்தைப் பிடிக்கத் தண்ணீருக்கடியில் மைக் வைத்திருந்தார்கள். அதில் அவருக்கு ஹம்ப்பேக் சத்தம் கிடைத்தது. வேட்டைக்காரர்கள் கையில் கிடைத்தால் திமிங்கலத்தைத் தேட இதைப் பயன்படுத்துவார்கள் என்று பயந்து, அந்த டேப்புகளை வெளியே விடாமல் வைத்திருந்து, உயிரியல் ஆய்வாளர்களான ரோஜர் பெய்ன், கேட்டி பெய்ன் தம்பதியிடம் கொடுத்தார். அதில் ஓர் ஒழுங்கு இருப்பது தெரிந்தது. ஒரே வரிசை, திரும்பத் திரும்ப, பல நிமிடங்களுக்கு. ரோஜர் பெய்னும் ஸ்காட் மெக்வேயும் 1971-ல் 'சயன்ஸ்' இதழில் இதைப் பாட்டு என்றே எழுதினார்கள்.

அதற்கு முந்தைய வருடமே அந்தச் சத்தம் இசைத்தட்டாக வெளிவந்து ஒரு லட்சத்துக்கு மேல் விற்றது. 1979 ஜனவரியில் 'நேஷனல் ஜியாகரஃபிக்' பத்திரிகை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தட்டில் இதைப் பதித்து ஒரு கோடியே ஐந்து லட்சம் பிரதிகளோடு இணைத்துக் கொடுத்தது. 1977-ல் விண்வெளிக்குப் போன வாயேஜர் கலங்களின் தங்கத் தட்டிலும் 55 மனித மொழிகளின் வணக்கத்தோடு ஹம்ப்பேக் குரலும் போயிருக்கிறது. (அந்த 55-ல் தெலுங்கு உண்டு, கன்னடம் உண்டு, தமிழ் இல்லை. திமிங்கலம் நம்மை முந்திவிட்டது!) திமிங்கலக் குரலைக் கேட்டு விண்வெளியிலிருந்து ஒன்று வருகிறது என்ற படத்தின் கதைக்கு, இந்தத் தட்டைவிடப் பொருத்தமான முன்கதை வேண்டுமா?

படத்தில் வரும் ஈட்டிக் காட்சிக்கும் ஒரு நிஜ முன்கதை உண்டு. 1975 ஜூன் மாதம் கலிபோர்னியாவுக்கு அப்பால் 'தால்னி வஸ்தோக்' என்ற சோவியத் வேட்டைக் கூட்டத்தின் முன்னால் கிரீன்பீஸ் ஆட்கள் ரப்பர் படகில் போய்க் குறுக்கே நின்றார்கள். ஈட்டி அவர்கள் தலைக்கு மேலே பறந்துபோய் ஸ்பெர்ம் திமிங்கலத்தின் மேல் பாய்ந்தது. அந்தப் படச்சுருளோடு அவர்கள் வந்து இறங்கிய ஊர் சான் பிரான்சிஸ்கோ. அமெரிக்கா முழுக்க டிவியில் அதைக் காட்டினார்கள்.

1972-ல் ஸ்டாக்ஹோமில் நடந்த ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாடு பத்து வருடம் வேட்டையை நிறுத்தச் சொன்னபோது ஆணையம் மறுத்தது. 1982 ஜூலை 23 அன்று இங்கிலாந்தின் பிரைட்டனில் அதே ஆணையம் வணிக வேட்டையை நிறுத்தி வைக்க வாக்களித்தது. ஆதரவு 25, எதிர்ப்பு 7, நடுநிலை 5. இந்தியா ஆதரவாக வாக்களித்தது. சோவியத் யூனியன் எதிர்த்தது. தீர்மானம் நடைமுறைக்கு வந்தது 1985-86 பருவத்தில், அதாவது ஸ்டார் ட்ரெக் படம் வந்த அதே 1986-ஐ ஒட்டி.

மாஸ்கோவில் கைதட்டல்

1987-ல் சோவியத் யூனியனும் வேட்டையை நிறுத்தியது. அதைக் கொண்டாட உலக வனவிலங்கு நிதியம் அந்த ஜூன் மாதம் மாஸ்கோவில் இந்தப் படத்தைத் திரையிட்டது. இயக்குநர் நிமோயும் தயாரிப்பாளர் ஹார்வ் பென்னெட்டும் நேரில் போயிருந்தார்கள். பனிப்போர்க் காலம் அது. படத்தில் செக்காவ் என்ற ரஷ்யப் பாத்திரம், அமெரிக்கப் போலீஸ்காரரிடமே போய் உங்கள் அணுசக்திக் கப்பல் எங்கே நிற்கிறது என்று அப்பாவியாக வழி கேட்கும் காட்சி வேறு இருக்கிறது!

படத்தின் முடிவில், அடுத்து நமக்கு எந்தக் கப்பல் கிடைக்குமோ என்று எல்லோரும் காத்திருக்கும்போது டாக்டர் மெக்காய் அலுத்துக்கொள்வார். பிரபஞ்சத்தில் எது மாறினாலும் அரசாங்க அதிகாரிகளின் புத்தி மட்டும் மாறாது என்ற பொருளில் ஒரு வசனம். மாஸ்கோ ரசிகர்கள் அந்த இடத்தில் கைதட்டினார்கள். தன் ஸ்டார் ட்ரெக் வாழ்க்கையிலேயே மிகவும் நிறைவான கணம் அதுதான் என்று நிமோய் பிறகு சொன்னார்.

அந்தக் கைதட்டலுக்கு எவ்வளவு ஆழமான அர்த்தம் உண்டு என்பது அப்போது வெளி உலகத்தில் யாருக்கும் தெரியாது.

பொய்க்கணக்கு

1993 நவம்பர். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கடல் பாலூட்டிகள் பற்றிய மாநாடு. ரஷ்ய அதிபர் எல்ட்சினின் சுற்றுச்சூழல் ஆலோசகர் அலெக்சி யாப்லகோவ் எழுந்து, சோவியத் யூனியன் ஆணையத்துக்குக் கொடுத்த வேட்டைக் கணக்கு பொய் என்று பகிரங்கமாகச் சொன்னார்.

எவ்வளவு பொய்? தென் அரைக்கோளத்தில் இவர்கள் பிடித்ததாக எழுதிக் கொடுத்த ஹம்ப்பேக் சுமார் 2,700. நிஜமாகப் பிடித்தது 48,000-க்கும் அதிகம். இதில் சுமார் 25,000, 1959-60, 1960-61 ஆகிய இரண்டே பருவங்களில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்குத் தெற்கே உள்ள கடலில் போனவை. டாங்கலூமாவில் காணாமல் போன திமிங்கலங்கள் இவைதான்! எல்லாக் கடல்களையும் சேர்த்து சோவியத் மறைத்தது சுமார் 1,80,000 திமிங்கலங்கள். பிடிக்கக்கூடாத வகையைப் பிடித்துவிட்டு, அனுமதி உள்ள வகையின் பெயரில் எழுதியிருக்கிறார்கள்.

நிஜக் கணக்கை எழுதி ரகசியமாகப் பூட்டி வைக்கும் பழக்கம் அவர்களிடம் இருந்தது. திமித்ரி தர்மோசவ் போன்ற சில சோவியத் விஞ்ஞானிகள் அந்த மூல அறிக்கைகளைத் தைரியமாகப் பத்திரப்படுத்தி வைத்திருந்ததால்தான் இன்று இந்த எண்கள் நமக்குத் தெரிகின்றன. இரட்டைக் கணக்குப் புத்தகம் என்று நாம் கேள்விப்படுவதெல்லாம் வருமான வரிக்காக. இது திமிங்கலத்துக்காக!

ஏன் செய்தார்கள்? பேராசை என்று ஒரே வார்த்தையில் முடிக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. சோவியத்தில் திமிங்கல இறைச்சிக்குப் பெரிய கிராக்கி இல்லை. பல சமயம் கொழுப்பை உரித்துக்கொண்டு மிச்சத்தைக் கடலிலேயே தள்ளிவிட்டார்கள். அங்கே லாபத்துக்குப் பதிலாக டார்கெட் இருந்தது. இத்தனை எண்ணிக்கை, இத்தனை டன் என்று திட்டம் மேலேயிருந்து வரும். எட்டினால் போனஸ், தாண்டினால் இன்னும் அதிக போனஸ். இந்த வருஷம் தாண்டியதை வைத்து அடுத்த வருஷ டார்கெட் ஏறும். அந்தத் திமிங்கலம் யாருக்காவது தேவையா என்ற கேள்விக்கு அந்தப் படிவத்தில் இடமே கிடையாது.

கப்பலில் இன்ஸ்பெக்டர் இருந்தார். ஆனால் அவர் அதே நாட்டின் இன்ஸ்பெக்டர். வெளிநாட்டுப் பார்வையாளரை ஏற்றவேண்டும் என்ற ஏற்பாடு 1972-ல்தான் வந்தது. ஆடிட்டிங் பேப்பரில் கிங்ஸ்டன் காட்டன் மில் வழக்கு படித்திருப்பீர்கள். 1896-ல் வந்த தீர்ப்பு. ஆடிட்டர் காவல் நாய்தான், மோப்ப நாய் இல்லை. நம்பத்தகுந்த மேனேஜர் கையெழுத்துப் போட்டுத் தந்த ஸ்டாக் கணக்கை அவர் நம்பலாம் என்றது நீதிமன்றம். அந்த வழக்கில் மேனேஜர் கிடங்கில் இல்லாத சரக்கை இருப்பதாக எழுதினார். இங்கே கொன்ற திமிங்கலத்தைக் கொல்லாததாக எழுதினார்கள். அந்த எண்களை வைத்துத்தான் கடலில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று விஞ்ஞானிகள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

சோவியத் திமிங்கல விஞ்ஞானி ஆல்ஃபிரட் பெர்சின் எழுதிவைத்த நினைவுக்குறிப்புகள், அவர் மறைந்த பிறகு 2008-ல் ஆங்கிலத்தில் வெளிவந்தன. அதில் ஒரு சம்பவம் வருகிறது. இப்படியே போனால் நம் பேரப்பிள்ளைகளுக்குத் திமிங்கலமே இருக்காது என்று மீன்வளத்துறை அமைச்சர் இஷ்கோவிடம் எடுத்துச் சொன்னார்களாம். என்னைப் பதவியிலிருந்து இறக்கப்போவது உங்கள் பேரப்பிள்ளைகள் இல்லையே என்ற மாதிரி பதில் வந்ததாம்.

இதைப் படித்த பிறகு அந்தப் படத்தை நினைத்துப் பாருங்கள். முந்நூறு வருஷம் தாண்டிய பேரப்பிள்ளைகள் ஒரு விண்கலத்தில் ஏறி வந்து, திமிங்கலம் எங்கே என்று நம்மிடம் கேட்கிறார்கள். இஷ்கோவ் வரமாட்டார்கள் என்று நம்பிய ஆட்கள் அவர்கள்தான்.

மிச்சம் இருப்பு

படத்தின் ஆரூடம் இதுவரை பலிக்கவில்லை. நல்ல செய்தி! பிரேசில் பக்கம் வரும் தென்மேற்கு அட்லாண்டிக் ஹம்ப்பேக் கூட்டம் 1950-களில் 450 அளவுக்குக் குறைந்திருந்தது. 2019-ல் வெளிவந்த ஆய்வு அதைச் சுமார் 25,000 என்று மதிப்பிட்டது. ஆஸ்திரேலியா 2022-ல் ஹம்ப்பேக்கை ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இன்னொரு பக்கம், நார்வே தடையை ஏற்காமல் 1993-ல் மீண்டும் வணிக வேட்டையில் இறங்கியது. ஜப்பான் 2019-ல் ஆணையத்தை விட்டே வெளியேறி, தன் கடல் எல்லைக்குள் வணிக வேட்டையைத் தொடங்கியது. ஆனால் இவர்களின் வணிக வேட்டையில் ஹம்ப்பேக் இல்லை.

நம் பக்கத்துக் கடலில் நிலைமை வேறு. அரபிக்கடலில் ஒரு ஹம்ப்பேக் கூட்டம் இருக்கிறது. மற்றவை போல அண்டார்டிக்கா வரை போய்வராமல், வருஷம் முழுக்க இங்கேயே வாழ்பவை. 1960-களின் நடுவில் சோவியத் கப்பல்கள் அண்டார்டிக் போகும் வழியில் ஓமன், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியக் கரைகளுக்கு அப்பால் இவற்றில் 242-ஐக் கொன்றன. இதுவும் மறைக்கப்பட்ட கணக்குதான், 1990-களில்தான் வெளியே வந்தது. 1979-லேயே இந்தியப் பெருங்கடல் திமிங்கல சரணாலயமாக அறிவிக்கப்பட்டும், இந்தக் கூட்டம் இன்னும் எழுந்திருக்கவில்லை. ஓமன் பக்கம் எடுத்த மதிப்பீடு நூறுக்கும் குறைவு. இப்போது இவற்றுக்கு ஆபத்து மீன் வலையும் கப்பல் போக்குவரத்தும்.

2019-ல் சர்வதேச நாணய நிதியத்தின் இதழில் சில பொருளாதார நிபுணர்கள் ஒரு பெரிய திமிங்கலத்தின் மதிப்பு 20 லட்சம் டாலருக்கு மேல் என்று எழுதினார்கள். அது உடம்பில் சேர்த்துவைக்கும் கார்பன், மீன்வளம், சுற்றுலா எல்லாம் சேர்த்து. உயிரோடு இருக்கும் திமிங்கலத்துக்கு விலை போட்டது நல்ல நோக்கம்தான். ஆனாலும் மேலே பார்த்த சரித்திரம் தெரிந்தவனுக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. திமிங்கலத்தை ஒற்றை எண்ணாக மாற்றியபோதெல்லாம், நாளைக்கு வேறொரு எண் அதைவிடப் பெரிதாக வந்து நின்றிருக்கிறது. கார்பன் விலை இறங்கினால் திமிங்கலத்தின் விலையும் இறங்குமா?

எனக்கு நம்பிக்கை தருவது வேறொரு பதிவேடு. ஹம்ப்பேக்கின் வால் அடிப்பக்கத்தில் உள்ள கறுப்பு வெள்ளைத் திட்டுகள் ஒன்றுக்கொன்று மாறுபடும், நம் கைரேகை மாதிரி. 1970-களிலிருந்து ஆய்வாளர்கள் அவற்றைப் போட்டோ எடுத்து, ஒவ்வொன்றுக்கும் அடையாளம் கொடுத்து வைக்கிறார்கள். ஓமன் கடலிலும் அப்படித்தான் எண்ணினார்கள். இந்தத் திமிங்கலத்தைக் கடைசியாக எந்த வருஷம் பார்த்தோம், கூடக் குட்டி இருந்ததா என்று தனித்தனியாக எழுதி வைக்கிறார்கள். இரண்டரைக்கு ஒரு யூனிட் என்று எழுதிய அதே இனத்துக்கு இப்போது ஆளுக்கொரு பக்கம். அந்தப் புத்தகத்தில் ஒன்று குறைந்தால், எது குறைந்தது என்று யாருக்காவது தெரியும்.

படம் கிடைத்தால் பாருங்கள். ஆடிட்டிங் பரீட்சைக்கு முந்தின நாள் மட்டும் வேண்டாம். :-)